உடனிருப்பவர் பெயர்

இந்த வயதில் அழகு பார்க்க ஆசைப்பட்டு நான் வயிற்றைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அறுபத்தெட்டு வயதில், அவர் போய்ப் பதினோரு வருடமான பிறகு, யாருக்குக் காட்ட எனக்கு அழகு வேண்டும்? சிங்கப்பூரில் இருக்கும் மகன் கட்டாயப்படுத்துகிறான் என்பதும் தவறு. அவன் யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்துகிறவன் அல்ல. வாட்ஸ்அப்பில் கை கூப்பும் படம் அனுப்புகிறவன். உண்மையை உனக்கு மட்டும் எழுதுகிறேன். நீ ஒருத்திதான் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்திருப்பாய். இல்லை, சிரித்திருப்பாய். சிரித்து முடித்துவிட்டு முழுவதையும் கேட்டிருப்பாய்.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கிறது. தஞ்சாவூர் மருத்துவமனையில் உணவுமுறை சொல்லித் தரும் பெண் கொடுத்தது. என் உள்ளங்கையில் அடங்கிவிடும். "ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு வேளைக்கு இவ்வளவுதாம்மா. வீட்டுல கண்ணு படுற இடத்துல வச்சுப் பார்த்துப் பழகிக்குங்க" என்றாள். நான்கு நாட்களாகப் பார்க்கிறேன். பழகவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் உன் அலுமினியத் தட்டுத்தான் நினைவுக்கு வருகிறது.

நம் கான்வென்ட் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் காலித் தட்டைக் காட்டாமல் யாரும் எழுந்திருக்க முடியாது. வாசலில் சிஸ்டர் நிற்பார். ஒரு பருக்கை மிச்சம் இருந்தாலும் திரும்பிப் போய் உட்கார வேண்டும். எனக்கு அந்தச் சோறு பிடிக்காது. குடவாசல் பக்கத்தில் சொந்த வயல் அரிசி தின்று வளர்ந்தவள் நான். விடுதிச் சோற்றின் வாடை மூக்கில் ஏறினாலே தொண்டை மூடிக்கொள்ளும். நீ முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவள். உன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். சிஸ்டர்கள் கட்டிய பள்ளிச் சம்பளத்தில்தான் நீ படித்தாய். சிஸ்டர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து என் சோற்றில் பாதியை உன் தட்டுக்குத் தள்ளுவேன். நீ ஒன்றும் பேசாமல் சாப்பிட்டு முடிப்பாய். ஆறு வருடம் அப்படி நடந்தது.

அந்த ஆறு வருடமும் நான் உனக்குச் சோறு போட்டதாகவே நினைத்திருந்தேன். பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் அதை வாய்விட்டும் சொன்னேன். நீ குழாயடியில் தட்டைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாய்: "நீ எங்கடி எனக்குச் சோறு போட்ட? உனக்குப் புடிக்காததத் தள்ளிவிட்ட. நான் தின்னதாலதான் நீ மேஜைய விட்டு எந்திரிச்ச."

இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மறுபடி தள்ளினேன். நீ மறுபடி சாப்பிட்டாய்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பங்குனியில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்கால்கள் இரண்டும் எப்போதோ தேய்ந்துபோனவை. அவற்றை ஊன்றி இந்த உடம்பைத் தூக்க என்னால் ஆகவில்லை. ஈரத் தரையில், வாளிக்குப் பக்கத்தில், வீட்டு வேலைக்கு வரும் மல்லிகா வரும்வரை கிடந்தேன். அவள் ஒருத்தியால் முடியாமல் தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டாள். அவர்கள் வருவதற்குள் என் மேல் ஒரு புடவையைப் போர்த்தினாள். மூன்று பேராகச் சேர்ந்து தூக்கினார்கள். "கால வளைங்கம்மா, கொஞ்சம் கால வளைங்க" என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். முகத்தை அவன் வேறு பக்கம் திருப்பியிருந்தான். நல்ல பிள்ளை. அவன் அப்படித் திருப்பிக்கொண்டதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அழகுக்காக அல்ல. அடுத்த தடவை விழுந்தால் என்னைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்பதற்காக.

முழங்கால் மாற்ற வேண்டுமென்று தஞ்சாவூருக்குப் போனேன். எடை குறையாமல் அதைத் தொட முடியாது என்று இன்னொரு டாக்டரிடம் அனுப்பினார்கள். என் மகனைவிட இளையவள். முதலில் "பாட்டி" என்றாள். என் பெயர் சீட்டில் இருக்கிறது என்றேன். அப்புறம் "மேடம்" ஆனாள். இரைப்பையின் மேல்பக்கத்தில் ஒரு சிலிக்கோன் பட்டையைச் சுற்றிக் கட்டுவார்களாம். பேண்ட் என்கிறார்கள். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"இப்ப நிறையப் பேருக்கு வயித்தைச் சின்னதாக்குற ஆபரேஷன்தான் பண்றோம் மேடம். உங்க இருதயத்துக்கு அவ்வளவு பெரிசு வேண்டாம்னு பார்க்கிறேன். இதுல வெட்டுறது இல்ல. ஒத்துக்கலைன்னா எடுத்துடலாம்."

"சோறு?"

"குழைய வடிச்சு, நல்லா மென்னு, ரெண்டு ஸ்பூன் முயற்சி பண்ணலாம். சிலருக்கு அதுவும் அடைச்சுக்கும். அரிசியை மறந்துட்டாலே நல்லது."

"நான் குடவாசல் பக்கம், டாக்டர். அங்கே சாப்பிட்டாயா என்று யாரும் கேட்பதில்லை. சோறு தின்றாயா என்றுதான் கேட்பார்கள்."

அவள் சிரித்தாள். நான் நகைச்சுவைக்குச் சொல்லவில்லை.

இந்த உடம்பு எப்படி வந்தது என்றும் கேட்டாள். பரம்பரையா, தைராய்டா என்றெல்லாம் எழுதிக்கொண்டாள். நான் உண்மையைச் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அரிசி அளக்க ஓர் உழக்கு உண்டு, பித்தளை. ஒரு வேளைக்கு ஓர் உழக்கு அரிசி, எனக்கும் அவருக்கும் சரியாக இருக்கும். அவர் போன பிறகும் அதே உழக்கால்தான் அளந்தேன். அதில் பாதி பிடிக்கிற ஆழாக்கும் அதே அலமாரியில், அதன் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருநாள் கையில் எடுத்தேன். எடுத்ததும், அவர் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது போலிருந்தது. வைத்துவிட்டேன். வடித்த சோற்றைக் கொட்ட எனக்குக் கை வராது. மாட்டை விற்றாகிவிட்டது. மல்லிகாவுக்குச் சர்க்கரை, அவள் சோற்றைத் தொடுவதில்லை. காலித் தட்டைக் காட்டாமல் எழுந்திருக்கக் கூடாது என்று பதினொரு வயதில் பழகிய உடம்பு இது. ஆகவே பதினோரு வருடமாக அவர் பங்கையும் நானே சாப்பிட்டு வருகிறேன்.

மிஞ்சியதைத் தள்ளிவிடப் பக்கத்தில் ஒரு தட்டு இல்லாமல் போனதுதான் என் வியாதி. அதற்கு அவர்கள் ஒரு பட்டை வைத்திருக்கிறார்கள்.

தெருவுக்கு இது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பிடிக்கும். வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். வீட்டில் உள்ள தராசின் முள் நூறோடு முடிந்துவிடுகிறது. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழும் செல்வராசு, "கொள்முதல் நிலையத்துல பெரிய தராசு இருக்கு பெரியம்மா, குறுவை நெல்லோட நீங்களும் வண்டியில வந்துடுங்க" என்றான். போனேன். நெல் மூட்டைகளுக்கு நடுவே தராசில் ஏறி நின்றேன். நூற்றுப் பன்னிரண்டு.

"மூணு மூட்டைக்கு எட்டுக் கிலோ கம்மி" என்றார் எடை போடுகிறவர்.

நெல் தூற்றிக்கொண்டிருந்த ஒருத்தி முறத்தை நிறுத்தாமலே, "ஈரப்பதம் பாத்தீங்களாண்ணே? கழிச்சுட்டு எழுதுங்க" என்றாள்.

களம் முழுக்கச் சிரித்தது. "எனக்கு ஈரமே கிடையாது என்றுதான் ஊரில் பேச்சு. கழிக்காமல் எழுதுங்கள்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாய். பிறகு செல்வராசு, "எதுக்குப் பெரியம்மா எடை?" என்றான். பொய் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னேன். பொழுது சாய்வதற்குள் நான் அழகுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் கிழவி ஆகிவிட்டேன்.

இவ்வளவு நேரம் நான் சுற்றிச் சுற்றி வருவது எதற்கென்று உனக்குத் தெரியும். இதற்கு மேல் சுற்றவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நீ திருச்சியிலிருந்து போன் செய்தாய். முப்பத்தைந்து வருடம் நர்ஸாக நின்ற கால்கள் வீங்கிவிட்டன, மூச்சு வாங்குகிறது, பட்டை போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றாய். அவர் போய் இரண்டு வருடம்கூட ஆகாத நேரம் அது. எனக்கு எல்லார் மேலும் கோபம். நான் சொன்னேன். அந்த வார்த்தைகள் அப்படியே இருக்கின்றன, ஒன்றுகூட உதிரவில்லை. "சோறு இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் நீ. இப்போது காசு கொடுத்துச் சோறு வேண்டாம் என்கிறாயா?"

"சரிடி, வச்சிடுறேன்" என்றாய்.

அடுத்த வாரம் நீல நிற இன்லண்ட் கடிதம் வந்தது. உன் சாய்வான கையெழுத்து. இப்போதும் அது என் பைபிளுக்குள் இருக்கிறது. ஆமாம், பைபிள்தான்; சிஸ்டர் பரிசாகக் கொடுத்தது. நான் சாமி கும்பிடுவது வேறு இடத்தில் என்றாலும் முக்கியமான காகிதங்களை அதற்குள்தான் வைக்கிறேன். நீ எழுதியிருந்தாய்: "போனில் நீ சொன்னதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். மகளுக்கு இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது, அவளைக் கூப்பிட முடியாது. ஆபரேஷனுக்கு ஒருவர் கூட இருக்க வேண்டும். அரிசி எதுவும் கொண்டு வராதே. நீ மட்டும் வா. வருவாயா மாட்டாயா என்று ஒரு வரி எழுதி அனுப்பு. போனில் வேண்டாம். போனில் நீ நல்லவளாக இருப்பதில்லை."

நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன், உடம்பு சரியில்லை, அறுப்பு நேரம் என்றெல்லாம் சொல்லலாம். எதுவும் உண்மை அல்ல. பேனாவை எடுத்தேன். வருகிறேன் என்று எழுதினால் நான் சொன்னது தவறு என்று ஆகிவிடும். வரவில்லை என்று எழுதினால் நான் எப்படிப்பட்டவள் என்று எழுத்தில் ஆகிவிடும். இரண்டையும் எழுதாமல் பேனாவை மூடினேன். நம் நாற்பது வருடக் கடிதப் போக்குவரத்து அத்தோடு நின்றது.

அப்புறம் ஒரே ஒரு முறைதான் பார்த்தோம். நம்மோடு படித்தவள் ஒருத்தியின் மகள் கல்யாணம், தஞ்சாவூரில். உன்னை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்து மெலிந்து, ரவிக்கை தோளில் தொங்கியது. பந்தியில் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாய். ஒரு வாய்ச் சோற்றை எத்தனை முறை மென்றாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு எழுந்து போனாய். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன ஆயிற்று?"

"ஒண்ணுமில்லடி. ஒரு பருக்கை மாட்டிக்கிச்சு. இந்தப் பட்டைக்கு இட்லின்னா சரி, சோறுன்னா சண்டை."

"வருத்தமாக இருக்கிறதா?" என்றேன். இரண்டில் எதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, பட்டை போட்டதைப் பற்றியா, நான் வராததைப் பற்றியா.

"நடக்க முடியுதுடி. மாடிப்படி ஏறுறேன். பேரனத் தூக்குறேன்" என்றாய். பிறகு உன் இலையிலிருந்த சோற்றைக் கையால் ஒதுக்கி என் இலைக்குத் தள்ளினாய். "அன்னிக்கு நீ தள்ளுன. இன்னிக்கு நான் தள்ளுறேன். தின்னு, இல்லேன்னா சிஸ்டர் எந்திரிக்க விடமாட்டாங்க."

எதிர் வரிசையில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். எச்சில் சோறு, அதுவும் யாருடைய இலையிலிருந்து என்பது அவள் பார்வையில் இருந்தது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டதற்கு அது சமம் என்று நினைத்துக்கொண்டேன். நீயும் அப்படித்தான் நினைத்தாயா என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சாப்பிட்டுக் கடன் தீர்ப்பது என் பழக்கம். அது யாருக்கும் கேட்பதில்லை.

நீ போய் நான்கு வருடம். பட்டையால்தான் போனாய் என்று சிலர் சொன்னார்கள். அதுவும் தவறு, மூளையில் ரத்தம் கசிந்து ஒரே நாளில் போனாய். பதினாறாம் நாளுக்கு வந்தேன். உன் மகள் எனக்குக் காபி கொடுத்துவிட்டு, ஒரு குறையும் இல்லாத குரலில் சொன்னாள்: "ஆன்ட்டி, ஆபரேஷன் ஃபாரத்துல அம்மா உங்க பேரத்தான் எழுதியிருந்தாங்க. காலையில தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறப்ப, உடனிருக்கிறவங்க எங்கன்னு கேட்டாங்களாம். பஸ்ஸுல வந்துட்டிருக்காங்கன்னு அம்மா சொன்னாங்களாம். அப்புறம் வார்டு நர்ஸ் ஒருத்தவங்க கையெழுத்துப் போட்டாங்க."

பதில் வராத கடிதத்தை நம்பி நீ என் பெயரை எழுதியிருக்கிறாய். எனக்காகப் பொய்யும் சொல்லியிருக்கிறாய். அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று நினைவில்லை. டம்ளரைக் காலியாகத்தான் கொடுத்திருப்பேன்.

இப்போது பிளாஸ்டிக் கிண்ணத்துக்குக் கீழே அதே மாதிரி ஒரு படிவம் இருக்கிறது. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன், அடித்தல் திருத்தல் இல்லாமல். ஒரே ஒரு கட்டம் காலி. உடனிருப்பவர் பெயர். ஆபரேஷன் அன்று மட்டுமல்ல. பட்டையை ஊசி போட்டு இறுக்க மாதாமாதம் போக வேண்டும், அடைத்துக்கொண்டால் உடனே ஓட வேண்டும், அதற்கெல்லாம் ஓர் ஆள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் தேதி வேறொருவருக்குப் போய்விடும்.

மகனிடம் சொன்னேன். "ஒரு வாரம் லீவு கிடைக்கும்மா. அதுக்கு மேல ஏஜென்சியில சொல்லி ஆள் வச்சுக்கலாம், ரொம்ப நல்லாப் பார்த்துக்குவாங்க" என்றான். ஆளின் பெயரை எழுத வேண்டுமே என்றேன். "ஏஜென்சி பேரை எழுதிடும்மா" என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு வரி எழுத முடியாதவளின் மகன் ஒரு வாரம் தருகிறான், என்னைவிடத் தாராளம்தான். மல்லிகா, "என் பேரப் போடுங்கம்மா" என்றாள். அவளுக்கு வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார் இருக்கிறாள். அவளிடம் நான் அதைக் கேட்க மாட்டேன்.

இரண்டு பக்கமும் யோசித்துவிட்டேன். போட்டுக்கொண்டால் என் வயலில் விளைந்ததை நான் தின்ன முடியாது. கண்ணெதிரே அறுத்துக் கொண்டுபோவார்கள், நான் இந்தக் கிண்ணத்தில் கஞ்சித் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பேன். போடாவிட்டால் இன்னொரு நாள் அதே தரை, அதே வாளி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் தனியாகத்தான் கிடக்கப் போகிறேன். குளியலறையிலா, ஆஸ்பத்திரியிலா என்பது மட்டும்தான் என் கையில் இருக்கிறது. நடக்க முடியுதுடி என்று நீ சொன்னது ஒன்றுதான் என்னை இந்தப் படிவத்தைக் கிழித்துப் போடவிடாமல் வைத்திருக்கிறது. அது போதுமா என்று தெரியவில்லை. போதவில்லை என்றுதான் பெரும்பாலான நேரம் தோன்றுகிறது.

இன்று மத்தியானம் முதல் முறையாக ஆழாக்கை எடுத்து அளந்தேன். வடித்தேன். தட்டில் போட்டேன். பாதி சாப்பிட்டதும் கை நின்றது. மிச்சத்தைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன், வலது பக்கம், நீ உட்காருகிற பக்கம். தள்ள இடமில்லை. அப்புறம் தட்டைக் காலி செய்தேன்.

உன்னுடைய கடிதம் ஒன்றும், நான் எழுதாத பதில் ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. இரண்டையும் ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். பதிலை இன்று எழுதிவிடுகிறேன்: நான் வந்திருக்க வேண்டும். வராதது பெரும் தவறு.

இனி என் கேள்வி. காலிக் கட்டத்தில் உன் பெயரை எழுதலாமா? ஆஸ்பத்திரியில் கேட்டால், பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் செவ்வாயும் வியாழனும்தான் வருகிறார். வெள்ளிக்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆம் அல்லது இல்லை. ஒரு வரி எழுதி அனுப்பு.